ஒரே கூரையின் கீழ் ஒரு கிராமம்

யூனானி வைத்தியரிடம் மருந்து வாங்கிப் பழகிய குடும்பங்களுக்கு 'ரூமி மஸ்தகி' என்ற பெயர் புதிதல்ல. கண்ணீர்த் துளியின் அளவில், வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு பிசின் அது. வாயில் போட்டு மென்றால் முதலில் பொடியாக நொறுங்கும்; பின்னர் ஒன்றுசேர்ந்து மெழுகுபோல இழுபடும். வயிற்றுக் கோளாறுகளுக்குக் கொடுக்கப்படும் 'ஜவாரிஷ் மஸ்தகி' என்ற லேகியம் இந்தப் பிசினின் பெயரையே தாங்கியிருக்கிறது. மருத்துவ மேதை இப்னு சீனா தமது 'அல்-கானூன்' நூலில் மஸ்தகியின் குணங்களைக் குறித்து வைத்திருக்கிறார்.

'ரூமி' என்றதும் இத்தாலியிலுள்ள ரோமாபுரியை நினைத்துவிடாதீர்கள். கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசையே அறபு மக்கள் 'ரூம்' என்று அழைத்தார்கள். அந்தப் பேரரசின் கடலோரத்தில் இருந்த ஒரு தீவிலிருந்துதான் மஸ்தகி உலகெங்கும் போனது. இன்றும் அதே தீவிலிருந்துதான் போகிறது. அந்தத் தீவின் பெயர் கியோஸ். அங்குள்ளவர்கள் 'ஹியோஸ்' என்று உச்சரிப்பார்கள்.

வாசக சகோதர சகோதரிகளே, கிரேக்கத் தீவுகள் என்றால் நீல வானத்தின் கீழ் வெள்ளையடித்த வீடுகளைக் காட்டும் நாட்காட்டிப் படங்களே பலருக்கும் ஞாபகம் வரும். கியோஸ் தீவின் தென்பகுதியில் அப்படி எதையும் காணமாட்டீர்கள். அங்கே சாம்பல் நிறக் கல்லால் கட்டிய ஊர்கள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அவை ஊர்களாகவே தெரியாது. நிலத்தில் இறக்கி வைத்த பெரிய கற்பெட்டிகள் போலத் தெரியும். மஸ்தகி மரத்துக்காகக் கட்டப்பட்ட அந்த ஊர்களுக்கு இம்மாதம் உங்களை அழைத்துச் செல்கிறோம்.

தீவும் மரமும்

கியோஸ் ஈஜியன் கடலின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 840 சதுர கிலோமீற்றர். கிரேக்கத் தீவுகளுள் அளவில் ஐந்தாவது. சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். எதிரே துருக்கியின் கரை. மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கரைகளுக்கும் இடையே உள்ள கடலின் அகலம் ஏழு கிலோமீற்றர் அளவுதான். துருக்கியின் செஷ்மே துறைமுகத்தில் இரவில் எரியும் விளக்குகளைக் கியோஸ் நகரத்துக் கரையில் நின்றே பார்க்கலாம்.

தீவின் வடக்கு உயர்ந்த மலை. தெற்கு தாழ்ந்த குன்றுகள். அந்தத் தெற்கில்தான் மஸ்தகி மரம் பயிராகிறது. பிஸ்தாப் பருப்பு மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்குமேல் வளராமல் கோணல்மாணலாகக் கிளைவிடும். இந்த இனத்துச் செடிகள் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளெங்கும் உண்டு. ஆனால், கெட்டித் துளியாகப் பிசின் எடுப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுவது தென் கியோஸில்தான்.

அந்த வேலை எளிதானதல்ல. கோடை தொடங்கியதும் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் புல்பூண்டைச் செதுக்கி, நிலத்தைக் கூட்டிச் சமப்படுத்தி, வெள்ளை மண் தூளை மாவு தெளிப்பதுபோலப் பரப்புவார்கள். பிறகு கூரிய சிறு கருவியால் பட்டையில் கீறல் போடுவார்கள். கீறிய இடத்தில் பிசின் கசிந்து, சொட்டுச் சொட்டாக வெள்ளைத் தரையில் விழும். அது இறுகுவதற்கு இரண்டு மூன்று வாரம் செல்லும். அதன்பின் துளித்துளியாகப் பொறுக்கியெடுக்க வேண்டும். இப்படி ஒரு பருவம் முழுவதும் குனிந்து நிமிர்ந்தாலும் ஒரு மரத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு கிராமுக்குமேல் கிடைப்பதில்லை.

அளவில் சிறியது, விலையில் பெரியது, வேறெங்கும் கிடைக்காதது. இப்படியொரு பொருள் இருக்குமிடத்தில் ஆசையும் வரும், அச்சமும் வரும். அந்த ஊர்களின் வடிவம் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தது.

மெஸ்தாவின் உள்ளே

மஸ்தகி ஊர்கள் இருபதுக்கு மேற்பட்டவை. பழைய அமைப்பு குலையாமல் இருப்பவற்றில் முதன்மையானது மெஸ்தா. கியோஸ் நகரிலிருந்து தென்மேற்காக 35 கிலோமீற்றர் போகவேண்டும்.

ஊரின் விளிம்பில் நின்று பாருங்கள். உயரமான ஒரு கல்மதில் ஊரைச் சுற்றி ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது மதிலே அல்ல. ஊரின் வெளி வரிசையில் உள்ள வீடுகள் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன; அவற்றின் பின்சுவர்களே மதிலாக அமைந்துவிட்டன. அந்தச் சுவர்களில் அக்காலத்தில் வெளிப்புறம் நோக்கி வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. இன்று காணும் ஜன்னல்கள் அச்சம் நீங்கிய பிற்காலத்தில் திறக்கப்பட்டவை. மூலைகளில் வட்டக் கோபுரங்கள் காவலுக்கு நின்றன. உள்ளே போவதற்கு ஓரிரு வாயில்கள்தாம். பொழுது சாய்ந்ததும் அவற்றைப் பூட்டிவிடுவார்கள். வயலிலிருந்து பிந்தி வந்தவர் விடியும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

வாயிலைத் தாண்டியதும் வெயில் மறைந்துவிடும். ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கம். ஒரு கழுதை சுமையோடு வந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். தலைக்குமேல் கல்வளைவுகள். ஒரு பக்கத்து வீட்டிலிருந்து மறுபக்கத்து வீட்டுக்கு அவை கைகோத்தாற்போலப் பாய்ந்திருக்கும். சில இடங்களில் வளைவின்மேல் ஓர் அறையே கட்டப்பட்டிருக்கும்; நீங்கள் ஒருவரின் படுக்கையறைக்குக் கீழே நடந்துகொண்டிருப்பீர்கள். சில ஒழுங்கைகள் திடீரென்று சுவரில் முடிந்துவிடும். ஊரவருக்கு அந்த வழிகள் உள்ளங்கை ரேகை போல. உள்ளே புகுந்த கொள்ளையனுக்கோ அவை திரும்பத் தெரியாத முடுக்குகள்.

எல்லா ஒழுங்கைகளும் ஊரின் நடுவை நோக்கிச் செல்கின்றன. அங்கே உயரமான ஒரு காவல் கோபுரம் இருந்தது. மெஸ்தாவில் அதை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டு அவ்விடத்தில் பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டினார்கள். பிர்கி என்னும் அயலூரில் கோபுரத்தின் எச்சம் இன்னமும் நிற்கிறது.

இனித் தலையை நிமிர்த்திக் கூரைகளைப் பாருங்கள். வீடுகளின் கூரைகள் தட்டையானவை. ஏறத்தாழ ஒரே உயரத்தில் தொடர்ந்து செல்பவை. அது அழகுக்காகச் செய்ததல்ல. கடற்கொள்ளையர் வாயிலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டால், மக்கள் தத்தம் வீட்டுக் கூரைமேல் ஏறி, ஒழுங்கையில் கால் வைக்காமலே கூரைக்குக் கூரை தாவி, நடுக்கோபுரத்தை அடைந்துவிடலாம். முதியவரையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு வானத்துப் பாதை. ஊர் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருந்தது என்று சொன்னால் அது வெறும் அலங்கார வார்த்தையல்ல.

ஒரு வீடு எப்படி இருந்தது?

வீடுகள் பெரும்பாலும் இரண்டு தட்டு. கீழ்த்தட்டு மனிதருக்குரியதல்ல. கழுதையும் ஆடும் அங்கே கட்டப்பட்டன. தானியம், விறகு, ஒலிவ எண்ணெய்ச் சாடிகள், மஸ்தகி மூட்டைகள் எல்லாம் அங்கேதான். மேல்தட்டில் குடும்பம் வாழ்ந்தது. வெளிச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்றால் வெளிச்சம் எப்படி வரும்? அதற்கு ஒரு நல்ல உபாயம் கண்டார்கள். மேல்தட்டின் நடுவில் கூரையில்லாத சிறு முற்றம் ஒன்றை விட்டார்கள். அதற்குப் 'பூந்தி' என்று பெயர். நமது பழைய நாற்சார வீடுகளில் நடுமுற்றம் இருப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மாடியில் இருக்கிறது. அறைகளும் குசினியும் அதைச் சுற்றி அமைந்தன. காற்றும் வெளிச்சமும் மேலிருந்து இறங்கின. அங்கிருந்தே படியேறிக் கூரைக்கும் போகலாம்.

மரம் அருமையாகக் கிடைத்த நிலம் அது. ஆகவே, தட்டுகளுக்கும் கூரைக்கும் வளை போடாமல், கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு அரைவட்ட வளைவாகக் கட்டினார்கள். அரைப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போல என்று சொல்லலாம். இப்படிப்பட்ட கூரைக்கு ஒரு குணம் உண்டு. அதன் பாரம் நேரே கீழே இறங்குவதோடு நிற்காது. இரு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தனித்து நிற்கும் வீடாக இருந்தால் அந்தத் தள்ளலைத் தாங்க மிகத் தடித்த சுவர் வேண்டும். ஆனால், பக்கத்து வீட்டிலும் அதேபோன்ற வளைவு இருந்தால் அது எதிர்ப்பக்கமாகத் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒழுங்கைகளுக்கு மேலாகப் பாயும் வளைவுகளும் இந்த வேலையையே செய்கின்றன. நிலநடுக்கம் அடிக்கடி வரும் அத்தீவில் அவை வீடுகளுக்கு ஊன்றுகோல்.

ஆகவே மெஸ்தாவில் எந்த வீடும் தன் சொந்தப் பலத்தில் மட்டும் நிற்கவில்லை. அயல்வீடு நிற்பதனால் அது நிற்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது தேவைப்படும்.

பூட்டு யாருக்காக?

இந்த ஊர்களை இவ்வாறு அமைத்தவர்கள் யார்? 1346ஆம் ஆண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் கியோஸைக் கைப்பற்றினார்கள். படையெடுப்புக்குப் பணம் போட்ட கப்பற் சொந்தக்காரர்கள் 'மாவோனா' என்ற கூட்டுக் கம்பனியாகச் சேர்ந்து தீவை நிருவகித்தார்கள். பிற்காலத்தில் நமது கரையோரங்களைக் கறுவாவுக்காக ஆண்ட ஒல்லாந்தக் கம்பனியை நினைத்துக்கொண்டால் இந்த ஆட்சியின் போக்கு விளங்கும். அவர்களுக்குத் தீவு என்பது முதலீடு. மஸ்தகி அதன் இலாபம்.

சிதறிக் கிடந்த குடியிருப்புகளை ஒன்றுசேர்த்து, மதிலும் கோபுரமும் கொண்ட ஊர்களாக அமைத்தது அந்த ஆட்சிக் காலத்தில்தான். கொள்ளையரிடமிருந்து மக்களைக் காத்தது உண்மை. ஆனால் மாலையில் பூட்டப்பட்ட வாயில் கொள்ளையனை வெளியே வைத்ததோடு, பிசின் எடுப்பவனை உள்ளேயும் வைத்தது. ஒவ்வோர் ஊரும் குறித்த அளவு மஸ்தகியை ஆட்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். சொந்த மரத்துப் பிசினை மறைத்து விற்றாலும் திருட்டுத்தான். திருடிய அளவுக்கேற்பச் சூடு போடுதல், காதையும் மூக்கையும் அறுத்தல் என்று தண்டனைகள் ஏறிக்கொண்டே போய்த் தூக்குமரத்தில் முடிந்தன.

மெஸ்தாவின் அழகைப் படம் பிடிக்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இது பெரும்பாலும் தெரியாது. அந்த ஒடுங்கிய ஒழுங்கைகளும் பூட்டும் வாயிலும் ஒரு பொருளைக் காக்கும் பெட்டியாகவே முதலில் செய்யப்பட்டன. அந்தப் பெட்டிக்குள் மனிதர் வாழ்ந்து, அதை ஊராக்கிக்கொண்டார்கள்.

கோலம் போட்ட சுவர்கள்

மெஸ்தா மூடிய முகம் என்றால், பிர்கி சிரித்த முகம். இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீற்றர் அளவே. இதுவும் அதே காலத்துக் கோட்டை ஊர்தான். ஆனால் வீட்டு முகப்புகள், மாடி விளிம்பு, வளைவின் அடிப்பக்கம், எங்கும் கறுப்பு வெள்ளைக் கோலம். 'க்ஸிஸ்தா' என்று அதற்குப் பெயர். 'சுரண்டியது' என்பது அதன் பொருள்.

செய்யும் முறை இதுதான். கருமணல் கலந்த சாந்தைச் சுவரில் பூசுவார்கள். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஈரம் முற்றாகக் காய்வதற்குமுன், அளவுகோலும் கவராயமும் கொண்டு கோடிட்டு, முட்கரண்டி போன்ற கருவியால் வேண்டிய இடங்களில் வெள்ளையைச் சுரண்டி எடுப்பார்கள். உள்ளேயிருக்கும் கருமை வெளியே தெரியும். முக்கோணம், சாய்சதுரம், வட்டம், பிறைவடிவம் என்று வரிசைவரிசையாக அமையும். இது ஜெனோவாவிலிருந்து வந்த கலை என்று பலரும் கருதுகிறார்கள். எங்கிருந்து வந்தாலும், அறபு நாட்டுப் பள்ளிவாசல்களின் கணித வடிவ அலங்காரங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிர்கியில் பணக்காரருக்கு ஒரு சுவர், ஏழைக்கு வேறு சுவர் என்றில்லை. தேவாலயமும் கடையும் சாதாரண வீடும் அதே கோலத்தையே போட்டிருக்கின்றன. புதிதாகக் கட்டும் வீட்டுக்கும் அதையே போடுகிறார்கள். கோடையின் முடிவில் சிறு தக்காளிப் பழங்களைக் கயிற்றில் கோத்து மாடிகளிலிருந்து தொங்கவிடுவார்கள். கறுப்பு வெள்ளைச் சுவரின்மேல் அந்தச் சிவப்புச் சரங்கள் குளிர்காலச் சமையலுக்காகக் காய்ந்துகொண்டிருக்கும்.

ஊரின் குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் போகவேண்டும். கோடையில் பொறுக்கிய மஸ்தகியில் மண்ணும் இலைத்துணுக்கும் ஒட்டியிருக்கும். அதைச் சலித்து, கழுவி, உலர்த்தி, பின்னர் சிறு கத்தி நுனியால் ஒவ்வொரு துளியாகச் சுத்தம் செய்யவேண்டும். இது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒருவர் வீட்டில் அயலவர் கூடுவார்கள். மறுநாள் இன்னொருவர் வீட்டில். கைகள் மஸ்தகியில் இருக்க, வாய் கதை சொல்லும். மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் ஊர்ச் சரித்திரத்தைக் கேட்பது அந்தக் கூட்டங்களில்தான். மஸ்தகி பயிரிடும் அறிவையும், அதனோடு சேர்ந்த இந்தப் பரஸ்பர உதவி வழக்கத்தையும் 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சுல்தானின் மரங்கள்

1566ஆம் ஆண்டு பியாலே பாஷா தலைமையில் உதுமானியக் கடற்படை கியோஸைக் கைக்கொண்டது. துருக்கியர் தீவையே 'சக்கிஸ்' என்று அழைத்தார்கள். அவர்களது மொழியில் மஸ்தகிக்கு அதுதான் பெயர். மஸ்தகி ஊர்கள் தனி நிருவாகத்தின் கீழ் வைக்கப்பட்டன. ஊரவர் அரண்மனைக்குப் பிசினை வரியாகச் செலுத்தினார்கள். பதிலாகச் சில சலுகைகளைப் பெற்றார்கள். இஸ்தான்புல் அரண்மனைப் பெண்கள் வாய் மணக்க மென்றதும், பாலில் காய்ச்சிய இனிப்புகளில் கலந்ததும் இந்தக் குன்றுகளின் மஸ்தகியே. இன்றும் துருக்கியிலும் சிரியாவிலும் எகிப்திலும் ஐஸ்கிறீமுக்கும் பால் பண்டங்களுக்கும் அந்த மணம் வேண்டியிருக்கிறது.

மூன்றரை நூற்றாண்டு நீடித்த அந்த ஆட்சியில் ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. அது முஸ்லிம்கள் ஆண்ட காலம் என்பதற்காக நாம் அதைத் தாண்டிப் போகக்கூடாது. கிரேக்கர் சுதந்திரப் போர் தொடங்கிய மறு ஆண்டு, 1822இல், அயல்தீவான சாமோசிலிருந்து வந்த ஆயுதக் குழுவினர் கியோஸில் கிளர்ச்சியைத் தூண்டினார்கள். அதற்குத் தண்டனையாக வந்த உதுமானியப் படை, கிளர்ச்சியில் சேர்ந்தவர் சேராதவர் என்று பாராமல் தீவின்மீது பாய்ந்தது. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பெண்களும் சிறுவர்களும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் தொடலாகாது என்று விதித்திருக்கும் மார்க்கத்தின் பெயரை ஏந்திய படை அது. முதல் ஆண்டில் கிரேக்கக் கிளர்ச்சிக்காரர் திரிப்போலிட்சா நகரில் முஸ்லிம்களையும் யூதர்களையும் கூட்டங்கூட்டமாகக் கொன்றிருந்தார்கள் என்பதும் சரித்திரம். ஒரு கொடுமை மற்றொன்றை நியாயமாக்காது.

அப்போது மஸ்தகி ஊர்கள் முதலில் விட்டுவைக்கப்பட்டன. காரணம் கருணையல்ல. மரமேறிய கைகள் போய்விட்டால் அரண்மனைக்குப் பிசின் யார் எடுப்பது? ஜூன் மாதத்தில் கிரேக்கர் தீக்கப்பலொன்றை மோதவிட்டுத் தளபதி காரா அலியின் கப்பலை எரித்தபின் அந்தப் பாதுகாப்பும் உறுதியற்றதாயிற்று. அந்தத் தளபதியின் கல்லறை கியோஸ் நகரக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. தீவின் நடுவே, செங்குத்தான பாறையின்மேல் அனாவத்தோஸ் என்ற ஊர் வெறிச்சோடி நிற்கிறது. 1822இல் அவ்வூரவர் பலர் பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பள்ளத்தில் குதித்தார்கள் என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அடுக்கடுக்கான கல்வீடுகள், கூரையில்லாமல், வாசல் திறந்தபடி.

1881ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் தீவில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1912இல் கியோஸ் கிரேக்கத்தோடு சேர்ந்தது. 1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கையின்படி கிரேக்கத்தின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் துருக்கிக்கும், துருக்கியின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கிரேக்கத்துக்கும் மாற்றப்பட்டார்கள். கியோஸ் நகரக் கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் எதிர்க்கரைக்குப் போயின. அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில், எதிர்க்கரையில் தம் வீடுகளை இழந்து வந்த அகதிகள் குடியேறினார்கள். நகரின் நடுவே சுல்தான் அப்துல் மஜீதின் பெயர் தாங்கிய மஜீதியாப் பள்ளிவாசல் இருக்கிறது. இன்று அது நூதனசாலை. கோட்டைக்குள் பழைய துருக்கியக் குளியல் மண்டபமும் முஸ்லிம் மையவாடியும் உள்ளன. அவ்வழியே போக நேர்ந்தால் அங்கே உறங்குவோருக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.

இன்று

கொள்ளையர், கம்பனி, படை, நிலநடுக்கம் எல்லாவற்றையும் தாண்டி மெஸ்தா நிற்கிறது. இப்போது அதற்கு வந்திருக்கும் சோதனை வேறு. வாயிலை யாரும் உடைக்கவில்லை. உள்ளேயிருந்தவர்கள்தாம் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். கப்பல் வேலைக்கும், ஏதென்ஸ் நகருக்கும், அமெரிக்காவுக்கும் போனவர்கள் ஏராளம். மெஸ்தாவில் நிரந்தரமாக வாழ்வோர் சில நூறு பேர்தாம்.

1970களின் நடுப்பகுதியில் கிரேக்க உல்லாசப் பிரயாணத் துறை சில பழைய ஊர்களைத் தெரிவு செய்து, வெறுமையாய்க் கிடந்த வீடுகளைத் திருத்தி விருந்தினர் விடுதிகளாக்கியது. மெஸ்தாவும் அவற்றில் ஒன்று. அதனால் பல வளைவுகள் காப்பாற்றப்பட்டன. பிர்கியில் 1980களில் கிராமத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விருந்தினரைத் தம் வீடுகளில் தங்கவைத்து உழைக்கத் தொடங்கினார்கள். 1938இல் அமைந்த மஸ்தகி உற்பத்தியாளர் சங்கம் பிசினைச் சேர்த்து விற்று விலையைக் காக்கிறது. பிர்கிக்கு அருகே 2016இல் மஸ்தகி நூதனசாலை ஒன்றும் திறக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் தென்பகுதியில் பரவிய காட்டுத்தீ ஏராளமான மஸ்தகி மரங்களைத் தின்றது. 2025 கோடையிலும் தீவு பெருந்தீக்களைக் கண்டது. புதிதாக நட்ட மரம் பிசின் தர ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். நிறைந்த பயன் தர அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். காத்திருக்க ஆளிருந்தால்தான் நடுவதற்குப் பொருளுண்டு.

வளைவுக் கூரையின் குணம் பற்றி முன்னே சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரையில் ஒரு வெடிப்பு. மழைநீர் இறங்குகிறது. சுண்ணாம்பு கரைகிறது. சில குளிர்காலம் கழித்து வளைவு உள்ளே விழுகிறது. விழுந்தது ஒரு வீடு மட்டுமல்ல. அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வளைவுக்கு இப்போது பிடிமானம் இல்லை. அதன் சுவரும் மெல்ல மெல்லப் பிளக்கத் தொடங்கும். அங்கே ஒரு குடும்பம் தன் வீட்டை எவ்வளவு செம்மையாக வைத்திருந்தாலும், அயல்வீடு பாழானால் தப்ப முடியாது. ஆகவே அவ்வூரில் தன் வீட்டைக் காக்க விரும்புகிறவர் முதலில் அயலவரின் கூரையைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அயலவரின் உரிமையைப் பற்றி நமது மார்க்கம் எவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் அதைப் பயானில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மதிலை இன்னும் ஓர் அடி உயர்த்துகிறோம்.

போக வாய்ப்புள்ளவர்களுக்குச் சில குறிப்புகள். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் கியோஸுக்குப் போகலாம். பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து கப்பலிலும் போகலாம். துருக்கிக்குப் போகிறவர்கள் செஷ்மேயிலிருந்து படகில் கடக்கலாம். ஐரோப்பிய விசாவை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு மீனும் ஒலிவமும் மரக்கறியும் தாராளம். மஸ்தகியிலிருந்து மதுவும் செய்கிறார்கள். போத்தலில் உள்ளது எது என்று கேட்டு வாங்குங்கள். ஒழுங்கையில் மெதுவாகக் கதையுங்கள், சுவருக்கு அப்பால் ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார். வாசலில் அமர்ந்து மஸ்தகி சுத்தம் செய்யும் மூதாட்டியைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். இயன்றால் ஓரிரவாவது ஊருக்குள் தங்குங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு கூரையின் வெடிப்பு அடைபடும். அந்தக் கூரையோடு பக்கத்துக் கூரையும் நிற்கும்.